உப்புத் தேநீரில் அணைந்த விளக்கு

அத்தியாயம் ஆறு

வேனின் இஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தது. டேஷ்போர்டின் சிவப்பு விளக்கு மட்டும் காலி, காலி என்று சிமிட்டிக்கொண்டே இருந்தது.

பெர்மெத் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தெட்டு வயது. பதினெட்டு வருடம் போலீஸ் விசாரணைப் பிரிவு, அதில் பாதி இரவுப் பணி. ஒரு நாள் காலையில் சீருடையை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. இப்போது கோக்-பூலாக் ஊரில் தொலைந்த குதிரைகளையும் தொலைந்த மருமகன்களையும் தேடிக் கொடுக்கிறாள். குதிரைகள் சீக்கிரம் கிடைத்துவிடும்.

"மூணு சென்சார் மாத்தியாச்சுக்கா," வேனுக்குப் பின்னாலிருந்து குபாத் சொன்னான். "ஒயரையும் மாத்தியாச்சு. இனி மாத்தறதுக்கு ஓஸ்மோன் அண்ணன் ஒருத்தர்தான் பாக்கி."

குபாத் ஆட்டோ எலெக்ட்ரீஷியன். அந்தக் கொட்டகை அவனுடையது. முப்பத்தைந்து வயது, எந்தச் சட்டையிலும் அடங்காத வயிறு. பெர்மெத்திடம் கார் கிடையாது, அவனிடம் பொழுதுபோக்கு கிடையாது. அப்படித்தான் நான்கு வருடத்துக்கு முன் அவளுக்கு உதவியாளன் ஆனான்.

வேன் முப்பது வருடப் பழைய ஜெர்மன் வண்டி. ஓஸ்மோனுடையது. அதில் இருபத்துநாலு நாளாக யாரும் ஏறவில்லை.

ஏப்ரல் கடைசியில் தாஷ்-பெல் கணவாயில் பனிப்புயல் அடித்த மாலை, பூகோள ஆசிரியர் அப்தில்தாவின் கார் உச்சிக்கு இருநூறு அடி கீழே பனியில் சிக்கியது. பேட்டரி செத்தது. மறுநாள் காலையில் பனி அள்ளும் டிராக்டர்காரர்கள் அவரைக் காரின் பின் இருக்கையில் விறைத்த பிணமாகக் கண்டெடுத்தார்கள். அன்று மாலை இந்தப் பக்கத்திலிருந்து மலையேறிய வேறு வண்டி ஒன்றே ஒன்றுதான். அடிவாரத்துத் தடுப்புக் கம்பத்துக் காவலன் நோட்டில் எண்ணோடு எழுதி வைத்திருந்தான். ஓஸ்மோனின் வேன்.

"நான் யாரையும் பாக்கல. நிக்கவும் இல்ல," என்றார் ஓஸ்மோன். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

பனியில் நிற்கும் வண்டியைத் தாண்டிப் போகிறவனுக்கு அந்த மலைகளில் மன்னிப்பு கிடையாது. யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. வேனில் ஏறுவதை நிறுத்தினார்கள். வணக்கம் சொல்வதை நிறுத்தினார்கள். மனைவி இறந்து ஆறு வருடமான மனிதர். அவர் வீட்டில் பேச்சுக் குரல் என்று இருந்தது ரேடியோ மட்டும்.

நேற்று மாலை ஆசிரியரின் மனைவி அனார்குல் பெர்மெத்தைத் தேடி வந்தார். அறுபது வயது, நேரான முதுகு. தேநீரைத் தொடவில்லை.

"ஓஸ்மோனுக்குத் தண்டனை வாங்கிக் குடுன்னு கேக்க வரல. எனக்கு ஒரே ஒண்ணு தெரியணும், தங்கச்சி. அவரு தனியாத்தான் செத்தாரா? ராத்திரி படுத்தா அந்தக் காரு மட்டும்தான் கண்ணுல நிக்குது."

போகும்போது ஆசிரியரின் கம்பளி மஃப்ளரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்ததாம். 'குளிருக்காகக் காதை மூடியிருந்தார், கண்கள் மூடியிருந்தன' என்று போலீஸ் அறிக்கையில் எழுதியிருந்தார்கள்.

கையில் இருந்த ஒரே நூல் இந்த வேன்தான். அதுவும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"குபாத், இந்த விளக்கு எப்பலேர்ந்து இப்படி?"

"புயலுக்கு மறுநாள் வந்தாரு. அன்னிலேர்ந்து இது மூணாவது தடவை. தொட்டி ரொம்பி வழியுது, விளக்கு பட்டினின்னு அழுவுது. என் மாமியார் மாதிரி."

"உள்ள தண்ணி இருக்கா இல்லையான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"மூக்குக் கண்ணாடி போட்டுக் குனிஞ்சு பாக்கும்."

"குபாத்."

"ரெண்டு கம்பிக்கா. தொட்டிக்குள்ள தொங்கும். ஒரு கம்பியில கொஞ்சூண்டு கரண்ட் போகும். தண்ணி வழியா அது அடுத்த கம்பிக்குப் போய்ச் சேந்துட்டா விளக்கு அணைஞ்சிடும். சேரலைன்னா சிமிட்டும். இதுல மூளைக்கு வேலையே இல்ல."

"எந்தத் தண்ணியா இருந்தாலும் போய்ச் சேருமா?"

குபாத் தொட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

பெர்மெத் தன் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அந்த ஊர்த் தேநீர். பால், வெண்ணெய், தாராளமாக உப்பு.

"சென்சாரைக் கழட்டு. ஒயரைப் பிடுங்காத. அப்படியே தூக்கி இதுல விடு."

"வேனுக்கு டீயா? ரொட்டி கேட்டா என்ன பண்றது?"

சொல்லிக்கொண்டே கழற்றினான். இரண்டு சிறு கம்பிகளும் தேநீரில் முங்கின. பெர்மெத் கோப்பையை அவன் கையில் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்ப் பார்த்தாள்.

விளக்கு அணைந்திருந்தது.

"வெளிய எடு."

சிமிட்டியது.

"உள்ள விடு."

அணைந்தது.

"இப்ப தொட்டித் தண்ணியில கொஞ்சம் கண்ணாடி டம்ளர்ல எடுத்து, அதுல விடு."

டம்ளரில் சென்சார் முழுக முழுகச் சிமிட்டியது விளக்கு.

"மூணு சென்சார்," குபாத் மெல்லச் சொன்னான். "மூணும் நல்லாத்தான் இருந்திருக்கு. அதுங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

பெர்மெத் டம்ளரை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பச்சையாக இருக்க வேண்டிய கூலன்ட், டம்ளர் காலியோ என்று சந்தேகப்படும் அளவுக்குத் தெளிவாக இருந்தது.

"நீ பாக்கலையா?"

"அளவைத்தான் பாத்தேன். தொட்டியே பழசாகி மஞ்சப் பூத்துக் கிடக்கு. வெளியிலேர்ந்து உள்ள என்ன நெறம்னு யாருக்குத் தெரியும்?"

"சுத்தமான தண்ணி. கரண்ட் போகாத அளவுக்குச் சுத்தம். இந்த ஊர்ல அது எங்க கிடைக்கும்?"

குபாத் விரல் மடக்கினான். "குழாய்த் தண்ணி கெடையாது. நம்ம கெட்டிலுக்குள்ள பாத்தீங்கன்னா சுண்ணாம்புச் சுவரு. ஊத்துத் தண்ணி அதைவிட உப்பு. பேட்டரித் தண்ணி என்கிட்ட மட்டும்தான் இருக்கு, அரை லிட்டர் பாட்டில்ல. பத்து லிட்டர் யாரும் வாங்கல." நான்காவது விரலில் நின்றான். "பனி."

"பனி."

"அப்ப வண்டி மேல நின்னிருக்கு. நிக்கலைன்னு சொன்னாரே. நின்னு, பனியை உருக்கி இஞ்சினுக்கு ஊத்தியிருக்காரு. மணிக்கணக்கா ஆகியிருக்கும்க்கா அதுக்கு." அவன் முகம் மாறியது. "கூப்பிடு தூரத்துல ஒரு மனுசன் செத்துக்கிட்டிருக்கான். இவரு வண்டிக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்திருக்காரு. பாக்காம போனாருன்னாவது நெனச்சோம். இது அதைவிடக் கேவலம்."

பெர்மெத் டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் பார்த்த வாக்குமூலங்களில் மனிதர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளவே பொய் சொன்னார்கள். 'நிற்கவில்லை' என்ற பொய் இந்த மனிதரை எதிலிருந்தும் காப்பாற்றவில்லை.

வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள். மே மாதக் காலையில் உள்ளே சில்லென்றிருந்தது. பழக்கத்தில் ஹீட்டர் குமிழைத் திருப்பினாள். குளிர்ந்த காற்று வந்தது.

"ஹீட்டர் வேலை செய்யாதுக்கா," குபாத் ஜன்னல் வழியாகச் சொன்னான். "ஒழுகிக்கிட்டிருந்துச்சு. போன வருசம் நான்தான் குழாயை மடக்கிக் கட்டினேன். அப்புறம் வாங்கண்ணே, சரி பண்ணிக்கலாம்னு சொன்னேன். வரவே இல்ல."

"அப்ப இஞ்சின் கொதிச்சாக்கூட இந்த இருக்கைக்குச் சூடு வராது."

"வராது."

அவள் குனிந்து இருக்கைகளுக்கு அடியில் கை விட்டாள். சாக்கு, ஜாக்கி, ஒற்றைக் கையுறை. அதற்கும் பின்னால் பிளாஸ்டிக். இழுத்தாள். தானியத்தைப் புளிக்கவைத்துச் செய்யும் மக்சிம் பானம் விற்கிற இரண்டு லிட்டர் பாட்டில். சுருங்கி, முறுக்கிக்கொண்டு, கழுத்து கோணி, பாதி அளவில் இருந்தது. அதே கோலத்தில் இன்னும் மூன்று.

"மக்சிமைச் சுட வச்சுக் குடிக்கிற ஆள் யாராவது உண்டா?"

"எங்க அத்தை ஒருத்தி. அவளுக்குக் கொஞ்சம்..." பாட்டிலைப் பார்த்ததும் மீதியைச் சொல்லாமல் விட்டான். வாங்கித் திருப்பினான். "கொதிக்கக் கொதிக்க எதையோ ஊத்தியிருக்கு." மூடியைத் திருகி உள்ளே பார்த்தான். அடியில் காய்ந்துபோன பச்சை வளையம் இருந்தது. "கூலன்ட்டுக்கா. இஞ்சின்லேர்ந்து வடிச்சிருக்காரு. இதை எதுக்கு பாட்டில்ல..."

அவனாகவே நிறுத்தினான். விளக்கு மட்டும் அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வா," என்றாள் பெர்மெத்.

ஓஸ்மோன் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைக்கு வெளியே, மர பெஞ்சில் இருந்தார். ஐம்பத்தாறு வயது. எதிர் பெஞ்சு காலி. உள்ளே இடமில்லாமல் ஆட்கள் நின்றுகொண்டு குடித்தார்கள். கடைக்காரி அவர் முன்னால் கோப்பையை வைத்தாள், முகத்தைப் பார்க்காமல் போனாள். கடையில் எல்லோரும் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்த வெயிலில் அவர் கையுறை போட்டிருந்தார்.

பெர்மெத் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"விளக்கு சரியாச்சா?" ஓஸ்மோன் குபாத்தைப் பார்த்துக் கேட்டார்.

"விளக்குல கோளாறே இல்லண்ணே. நாமதான் அதை நம்பல."

"கையுறையைக் கழட்டுங்கண்ணே," என்றாள் பெர்மெத்.

"புகைக் குழாயில சுட்டுக்கிட்டேன்."

"பத்து விரலுமா?"

அவர் கழற்றவில்லை. பெர்மெத் சுருங்கிய பாட்டிலை மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் மஃப்ளரை வைத்தாள்.

"காதுக்குக் குளிருதுன்னா மஃப்ளரைக் காதைச் சுத்திக் கட்டுவோம். தாடைக்கு அடியில குடுத்து உச்சியில முடிச்சுப் போடறது யாருக்குன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செத்தவனால அவனுக்கே கட்டிக்க முடியாது. கண்ணையும் யாரோ மூடியிருந்தாங்க." பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள். "எத்தனை தடவை வடிச்சீங்க?"

ஓஸ்மோன் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். கையுறைகளை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினார். நுனிகள் கறுத்திருந்தன. உள்ளங்கை தோலுரிந்து சிவந்திருந்தது. ஒரே கைகளைக் குளிரும் தின்றிருந்தது, கொதிநீரும் தின்றிருந்தது.

"அஞ்சு," என்றார்.

குபாத் மெதுவாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"முன்னால ரோட்டைக் காத்து மூடிருச்சு. வேன் ஏறாது, எறங்காது. அவரைத் தூக்கி என் வண்டியில போட்டேன். மரக்கட்டை மாதிரி இருந்தாரு. இஞ்சின் ஓடுது, உள்ள சூடு இல்ல. அதான் வடிச்சு, பாட்டில்ல புடிச்சு, அக்குள்ல ரெண்டு, தொடைக்கு நடுவுல ரெண்டு வச்சேன். ஆறிடும். கையால பனியை அள்ளி அள்ளி தொட்டியில திணிச்சு, ஓட்டி, சூடாக்கி, மறுபடி வடிப்பேன். மூணாவது தடவை கண்ணத் தொறந்தாரு. பேசினாரு. அஞ்சாவது தடவை பாட்டில் சூடா இருந்துச்சு. அவரு இல்ல."

ஒரு மடக்குக் குடித்தார். கோப்பையை இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத்தான் பிடிக்க முடிந்தது.

"விடியிறப்ப காத்து நின்னுச்சு, பனியும் ரோட்டை விட்டுக் கொஞ்சம் வெலகியிருந்துச்சு. செய்ய வேண்டியதைச் செஞ்சு, அவரு கார்லயே படுக்க வச்சுட்டு, அந்தப் பக்கம் எறங்கிட்டேன்."

"ஏண்ணே சொல்லல?" குபாத் கேட்டான். "ஊரே உங்களைப் பொணம் மாதிரி ஒதுக்கி வச்சிருக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தோள்ல தூக்கி வச்சிருப்பானுங்க."

"நான் நின்னேன்னு சொன்னா அனார்குல் அண்ணி மொதல்ல என்ன கேப்பாங்க?"

அந்த ஊரில் பிறந்த யாருக்கும் அது தெரியும். சாகிறவன் பக்கத்தில் இருந்தவனிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, கடைசியாக என்ன சொன்னார் என்பது. கெரேஸ் என்பார்கள் அதை. கேட்டவன் ஒரு எழுத்துக் கூட்டாமல், ஒரு எழுத்துக் குறைக்காமல் உரியவரிடம் சேர்க்க வேண்டும். மாற்றிச் சொல்ல உரிமை கிடையாது. ஒன்றும் சொல்லவில்லை என்று மறைக்கவும் கிடையாது.

"அந்தச் சொல்லு மலைக்கு இந்தப் பக்கத்துக்கு இல்ல," என்றார் ஓஸ்மோன். "சேர வேண்டிய எடத்துல அன்னிக்கே சேத்துட்டேன். அண்ணி கேட்டா நான் என்ன சொல்றது? உங்களுக்கு எதுவும் இல்லைன்னா? அவரு பேசவே இல்லைன்னா? செத்தவரு சொன்னதைப் பொய்யாக்க என்னால முடியாது. என்னைப் பத்திப் பொய் சொல்லிக்கலாம். அது என் பாடு."

"எத்தனை நாளைக்கு?"

"பழகிருச்சு. டீ வருது. உள்ள உக்காந்தாத்தான் குடிக்கணும்னு இல்ல."

குபாத் எழுந்தான். "ஹீட்டரை நான் அன்னிக்கே..." என்று தொடங்கி, முடிக்காமல் கொட்டகைப் பக்கம் விறுவிறுவென்று நடந்தான். நான்கு வருடத்தில் அவன் கிண்டலில்லாமல் ஒரு இடத்தைவிட்டுப் போனதை பெர்மெத் பார்த்ததில்லை.

"அண்ணிகிட்டச் சொல்லப் போறியாம்மா?"

"அவங்க கேட்டது ஒரு கேள்வி. அதுக்குப் பதில் ஒரு வார்த்தை. அதுக்கு மேல எனக்கும் தெரியாது, நானும் உங்களைக் கேக்கல."

அனார்குலின் வீட்டில் பெரிய அறை பூட்டியிருந்தது. அவர் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். பெர்மெத் உட்காரவில்லை.

"இல்லக்கா. தனியா இல்ல."

மாவில் இருந்த கைகள் நின்றன. ஜன்னலுக்கு வெளியே யாரோ கழுதையை அதட்டிக்கொண்டு போனார்கள்.

"ஓஸ்மோனா?"

"ஆமா. கடைசி வரைக்கும் இருந்திருக்காரு. சூடு குடுத்திருக்காரு. கண்ணை மூடினதும் அவருதான்."

அடுத்த கேள்விக்காக பெர்மெத் காத்திருந்தாள். வழியெல்லாம் அதற்குப் பதில் தேடியும் கிடைக்கவில்லை.

அனார்குல் கேட்கவில்லை. கையில் ஒட்டிய மாவை உருட்டி எடுத்தார்.

"அதான் அவன் வாயத் தொறக்கலையா," என்றார். "பன்னெண்டு வருசமா மாசம் ஒரு தடவை அந்தப் பக்கம் போவாரு. பள்ளிக்கூட வேலைன்னு. அந்தக் கிராமத்துல பள்ளிக்கூடமே கெடையாது. பூகோள வாத்தியாரு பொண்டாட்டி நான். எனக்கும் கொஞ்சம் பூகோளம் தெரியும்."

"அக்கா..."

"என்ன சொன்னாருன்னு உன்னைக் கேட்டேனா? தனியாவான்னு கேட்டேன். நீ சொல்லிட்ட." அடுப்பைப் பற்றவைத்தார். "எண்ணெய் காயட்டும். அரை மணி நேரம் ஆகும். ஓஸ்மோனை எங்கயும் போக விடாத."

மதியம் பேருந்து நிலையத்தில் கூட்டம் இருந்தது. மற்ற வேன்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்தன. ஓரமாக, கொட்டகையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியிருந்த ஓஸ்மோனின் வேன் எப்போதும்போலக் காலியாக நின்றது. குபாத் அதன் அடியிலிருந்து கறுத்த முகத்தோடு வெளியே வந்தான். பனித் தண்ணீரை வடித்துவிட்டுப் பச்சைக் கூலன்ட் ஊற்றியிருந்தான். விளக்கு அணைந்திருந்தது.

"ஹீட்டரையும் போட்டுட்டேன்," என்றான் யாரையும் பார்க்காமல். "பழசுதான். ஆனா ஒழுகாது."

மே மாதத்தில் ஹீட்டர் எதற்கு என்று ஓஸ்மோன் கேட்கவில்லை.

துக்கத்துக்குக் கட்டும் இருண்ட தலைத்துணியோடு அனார்குல் நிலையத்துக்குள் வந்தார். கையில் சூடான பொர்சோக் நிறைந்த பை. எண்ணெயில் பொரித்த மாவின் மணம் அவருக்கு முன்னால் வந்தது. கூட்டம் வழிவிட்டது. மற்ற வேன்களைத் தாண்டி வந்து, ஓஸ்மோனின் வேன் முன்கதவைத் திறந்து, ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டார்.

தேநீர்க் கடைக்குள் நின்றவர்கள் ஜன்னல் பக்கம் வந்தார்கள்.

ஓஸ்மோன் கையுறையைத் தேடினார். கிடைக்கவில்லை. அப்படியே வந்து ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். "எங்க போகணும், அண்ணி?"

அனார்குல் அந்த விரல்களைப் பார்த்தார். நன்றாகப் பார்த்துவிட்டு முன்கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மலைக்கு அந்தப் பக்கம். நாப்பதாம் நாள் சடங்குக்கு இன்னும் பதினாறு நாள்தான் இருக்கு. அவளுக்கும் சொல்லணும்ல. வீடு உனக்குத் தெரியும்."

ஓஸ்மோன் சாவியைத் திருப்பினார். டேஷ்போர்டில் எதுவும் சிமிட்டவில்லை.

வேன் கிளம்பும் நேரத்தில், கடைக்குள் நின்ற ஒரு கிழவர் கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்து பின்கதவைத் தட்டினார். அவர் எங்கே போகிறார் என்று யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்காது. குபாத்தும் ஏறினான்.

"கூலன்ட் மட்டம் பாக்கணும், ஏத்தத்துல," என்றான் ஜன்னல் வழியாக. "நீங்க வரலியாக்கா?"

"எனக்கு அந்தப் பக்கம் யாரும் இல்ல."

"இந்தப் பக்கம்?"

அவள் வேனின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். வேன் நகர்ந்தது. மேற்கே சாலை திரும்பும் இடத்தில் தூசி எழுந்து அடங்கியது.

பெர்மெத் வெளி பெஞ்சில், ஓஸ்மோன் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள். அவருடைய கோப்பையில் பாதித் தேநீர் ஆறிக் கிடந்தது. எதிர் பெஞ்சு காலியாக இருந்தது. கடைக்காரி வந்து பழைய கோப்பையை எடுத்தாள், புதியதை வைத்தாள். இந்த முறை முகத்தைப் பார்த்தாள்.

"உப்புப் போடட்டுமாக்கா?"

"போடு," என்றாள் பெர்மெத். "கொஞ்சம் தூக்கலாவே போடு."